கைதட்டலைக் காணோம்!

குமணன்சாவடிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு எங்கேயோ போகிறவர்கள். பூந்தமல்லிக்குப் போகிறவர்கள், போரூருக்குப் போகிறவர்கள், குன்றத்தூர் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள். குமணன் என்றதும் தலையையே கொடுக்க முன்வந்த வள்ளலின் ஞாபகம் வரும். ஆனால் இங்கே பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால், தலை போகிற அவசரத்தில் இருப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். நடுவில் மெட்ரோ ரயில் தூண்கள் வேறு வரிசையாக நின்று, "இன்னும் என்ன அவசரம்?" என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சந்தடிக்குள் குடியிருந்துகொண்டு நான் செய்து வரும் காரியம், அவசரத்துக்கு நேர் விரோதமானது. டிஸ்கோ காலத்து ஸினிமாப் பாட்டு ரிக்கார்டுகளைத் தேடிப் பிடிப்பது, கழுவுவது, ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, பிறகு கீறல் சத்தத்தையும் புழுதிச் சத்தத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவது. மூன்றரை நிமிஷப் பாட்டுக்கு மூன்று ராத்திரி ஆகும். என் வீட்டுக்காரியின் அபிப்பிராயம் இதில் தெளிவானது. "சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் ஆபீஸ் வேலை இருக்கிறது என்கிறீர்கள். இந்தத் தட்டை மட்டும் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவுகிறீர்களே!" என்பாள். இதற்குப் பதில் சொல்ல நான் முயன்றதே இல்லை.

டிஸ்கோ என்றால் என்ன என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். ரொம்ப சுலபம். நாலு எண்ணிக்கைக்கு நாலு அடி, ஒவ்வொன்றும் ஒரே பலத்தில். நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி. இரண்டாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் ஒரு கைதட்டல். ஆதி தாளத்தில் தடுமாறுகிறவர்கள்கூட இதில் தடுமாற முடியாது. அடியில் பாஸ் கிடார் உருண்டுகொண்டிருக்கும். மேலே வயலின்கள் பறந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான் சங்கதி.

அமெரிக்காவில் 1977-ல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்ற படம் வந்து, அதன் பாட்டுத் தட்டு கோடிக்கணக்கில் விற்றது. இரண்டே வருஷத்தில் அங்குள்ளவர்களுக்கு அலுத்துவிட்டது. 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில், ஜனங்கள் கொண்டு வந்த டிஸ்கோ ரிக்கார்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடி வைத்தே தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை! ஒரு தாளத்தின்மீது ஜனங்களுக்கு இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் அங்கே வெடித்த புகை அடங்குவதற்குள் இங்கே கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. பெங்களூரில் பிறந்து லண்டனில் பிரபலமானவர் பித்து. 1974-ல் 'குங்ஃபூ ஃபைட்டிங்' ரிக்கார்டைத் தயாரித்து உலகத்தையே ஆட வைத்தவர். அவர் 1980-ல் 'குர்பானி' என்ற ஹிந்திப் படத்துக்கு ஒரே ஒரு பாட்டு அமைத்தார். பாடியது நாஸியா ஹஸன் என்ற பதினைந்து வயதுப் பெண். பெயருக்கு ஏற்ற மாதிரி தேசத்துக்கே பித்துப் பிடித்தது. 1982-ல் பப்பி லஹரி இசையில் 'டிஸ்கோ டான்ஸர்' வந்தது. சோவியத் ரஷ்யாவில்கூடக் கூட்டம் அலைமோதியது. அதையே 1985-ல் ஆனந்த் பாபுவை ஆடவிட்டு 'பாடும் வானம்பாடி' என்று தமிழில் எடுத்தார்கள்.

நம் சென்னை இசையமைப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. 'பில்லா' வந்த 1980 ஜனவரியில் எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு ஐம்பத்தோரு வயது. அந்த வயதில் அவர் அந்தப் படத்துக்குப் போட்ட மெட்டுகளைக் கேட்டால், பாதி வயசுக்காரர் போட்டது என்றுதான் தோன்றும். 1982-ல் 'சகலகலா வல்லவன்' படத்துக்காக இளையராஜா அமைத்து எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டு, டிசம்பர் 31 நள்ளிரவில் இன்றும் தெருவுக்குத் தெரு ஒலிக்கிறது. அது இல்லாமல் வருஷம் பிறக்காது என்று நினைக்கிறவர்கள் உண்டு.

இந்தப் பிரபலப் பாட்டுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றைக் காப்பாற்றக் கம்பெனிகள் இருக்கின்றன. என் கவலையெல்லாம் இரண்டு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போன படங்களின் பாட்டுகளைப் பற்றியது. அவற்றில் சில, ரிக்கார்டில் மட்டுமே இருக்கின்றன. அந்த ரிக்கார்டும் போனால், கேட்டவர்களின் காதோடு போயிற்று.

அதிலும் டிஸ்கோ ரிக்கார்டுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அந்த ஆட்டம் உச்சத்தில் இருந்த அதே வருஷங்களில்தான் கேசட் வந்து சேர்ந்தது. ஜனங்கள் வெற்று கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டார்கள். ரிக்கார்டு வாங்குவது குறைந்தது. ஆகவே எம்.ஜி.ஆர். படத்து ரிக்கார்டு நூறு கிடைக்கிற இடத்தில், 1984-ஆம் வருஷத்து டிஸ்கோ ரிக்கார்டு ஒன்று கிடைத்தால் பெரிய காரியம். பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோன பிறகு, அங்கிருந்த வியாபாரிகளுக்காக ஏற்பட்ட அல்லிக்குளம் வணிக வளாகத்தில் நான் தேடாத மூலை இல்லை.

இன்னொரு துரதிர்ஷ்டம், அளவு. மேல்நாட்டில் டிஸ்கோவுக்கென்றே பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டைப் பதிக்கும் வழக்கம் வந்தது. டாம் மௌல்டன் என்பவர் ஒரு மாதிரித் தட்டு வெட்டப் போன சமயம், ஏழு அங்குலத் தட்டு தீர்ந்துபோயிருந்ததாம். கையில் இருந்த பெரிய தட்டில் பள்ளங்களை அகலப்படுத்தி வெட்டினார்கள். கேட்டுப் பார்த்தால், அடி இடி மாதிரி விழுந்தது! 1976-ல் 'டென் பர்சென்ட்' என்ற பாட்டு அப்படியே கடைக்கு விற்பனைக்கும் வந்துவிட்டது. இடம் தாராளமாக இருந்தால் ஊசியும் தாராளமாக ஆடலாம். கீழ் ஸ்தாயிச் சத்தத்துக்கு வேண்டியது அதுதான்.

நம் ஊரில் நேர்மாறு. ஏழு அங்குலத் தட்டில், நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. இதற்கு 'ஈ.பி.' என்று பெயர். ஏழு நிமிஷப் பாட்டுக்குத் தட்டு முந்நூற்றுப் பதினைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பாட்டுக்குக் கிடைக்கும் அகலமோ சுமார் மூன்று சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். மாம்பலம் ஒண்டுக் குடித்தனம் தோற்றது! இவ்வளவு நெருக்கத்தில் பாஸ் கிடார் கையைக் காலை நீட்ட முடியுமா? ஆகவே சத்தத்தைக் குறைத்துப் பதித்தார்கள். சத்தம் குறைந்தால் புழுதியின் குரல் ஓங்கிவிடும்.

நிற்க. இந்த ரிக்கார்டுகள் யாரிடம் பிழைத்திருக்கின்றன தெரியுமா? பங்களாக்காரர்களிடம் அல்ல, மைக்செட்காரர்களிடம்.

குன்றத்தூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயசு. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காது குத்து, ஆடி மாசக் கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும்தான் போகும். விடிகாலையில் தென்னை மரத்தில் ஸ்பீக்கரைக் கட்டிப் பக்திப் பாட்டில் ஆரம்பித்தால், பெண் அழைப்பு முடிந்து இளவட்டங்கள் கூடும்போதுதான் டிஸ்கோ பெட்டி திறக்கும். இன்று அந்தக் கூம்பு ஸ்பீக்கர்களுக்குத் தடை. தொழிலை அவர் அதற்கு முன்பே விட்டுவிட்டார். ரிக்கார்டுகளை மட்டும் விடவில்லை. ஐந்து தகரப் பெட்டிகளில், பழைய வேட்டித் துணி சுற்றி, பரண்மேல் வைத்திருந்தார்.

மைக்செட் ரிக்கார்டு என்பது ஒரு தனி ஜன்மம். பந்தலில் மண் பறக்கும், அரிசி பறக்கும். ரிக்கார்டைத் துடைப்பது தோள் துண்டால். ஊசி தாவினால், அதன் தலைமேல் ஒரு நாலணாவை வைத்துவிடுவார்கள். நாலணாவின் எடை இரண்டரை கிராம். இன்றைய நல்ல ஊசி பள்ளத்தில் கொடுக்கும் மொத்த அழுத்தமே சுமார் இரண்டு கிராம்தான்! அந்த நாலணா பள்ளத்தின் சுவரை எப்படி உழுதிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவருக்கு ஒரு பேரன். என்ஜினீயரிங் படிக்கிற கெட்டிக்காரப் பையன். தாத்தாவின் பிறந்த நாளுக்காக ஒரு ரிக்கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'ஆடஸிட்டி' என்ற இலவச ப்ரோகிராமில் போட்டு, கீறலை நீக்கும் பொத்தானை முழு வேகத்தில் திருகிவிட்டான். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. நானும் அன்று அங்கே இருந்தேன். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே மார்க்கெட்டில் விலை ஏறிவிடும்.

ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொரி சத்தம் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. பேரன் பெருமையோடு பார்த்தான். பெரியவர் காதில் மாட்டியிருந்த கருவியைச் சரி செய்துகொண்டு, மேஜையில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு... விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"தம்பி, கைதட்டலைக் காணோமே?" என்றார்.

"இருக்குது தாத்தா, நல்லாக் கேளு" என்றான் பேரன்.

"எனக்கா சொல்றே? முந்நூறு கல்யாணத்துக்கு இதைப் போட்டிருக்கேன். பட்டுன்னு விழணும். இது என்ன, போர்வைக்குள்ள கையை விட்டுத் தட்டின மாதிரி?"

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்ப்யூட்டர் கீறலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சத்தத்தின் அலை அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு ஈட்டி மாதிரி நிமிர்ந்து மறுகணம் படுத்துவிட்டால், அது கீறல் என்று முடிவு கட்டுகிறது. அந்த ஈட்டியை வெட்டிவிட்டு, இருபுறமும் உள்ள அலையைப் பார்த்து நடுவில் ஒட்டுப் போடுகிறது. வீணைக் கச்சேரியாக இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் டிஸ்கோவில் கைதட்டலும் ஒரு ஈட்டிதான். டிரம்மில் குச்சி விழுவதும் ஈட்டிதான். தூசிக்கும் கைக்கும் வித்தியாசம் அதற்கு என்ன தெரியும்? உள்ளங்கை இரண்டும் மோதுகிற அந்த முதல் கணத்தைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பாட்டு என்று கொடுத்துவிட்டது.

அன்றிலிருந்து பேரனும் நானும் கூட்டு.

முதலில் ரிக்கார்டைக் கழுவினோம். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு நீர், மிருதுவான பிரஷ், பள்ளம் போகிற திசையில் மட்டும் தேய்ப்பு. நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. நிழலில்தான் உலர்த்த வேண்டும். குமணன்சாவடி வெயிலில் வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும். பாதிக் கீறல் என்று நாங்கள் நினைத்தது வெறும் அழுக்கு, தண்ணீரோடு போயிற்று. பிறகு ஊசியை மாற்றினோம். பழைய ஊசி உழுத இடம் பள்ளத்தின் சுவரில் ஒரே உயரத்தில்தான் இருக்கும். வேறு வடிவமுள்ள ஊசியைப் போட்டால், அது சுவரில் தேயாத பாகத்தைத் தொட்டுக்கொண்டு போகும். இந்த ஒரு மாற்றத்தில் வயலின்களுக்கு உயிர் வந்ததைக் கேட்டு, பேரன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

அடுத்தது கீறல். இங்கேதான் பள்ளிக்கூடத்துக் கணக்கு உதவிற்று. குறுக்காக விழுந்த கீறலின்மேல் ஊசி சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு 45 சுற்று என்றால் ஒன்றே கால் வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்துக்கு ஒரு 'டிக்'. மூன்றரை நிமிஷத்துக்கு 157 'டிக்'. தாளமோ அரை வினாடிக்கு ஒன்று. தாளம் சரியாக 120 என்று வைத்துக்கொண்டால், இரண்டும் நாலு வினாடிக்கு ஒருமுறை, அதாவது எட்டு அடிக்கு ஒருமுறை, கை கோத்துக்கொள்ளும். எங்கள் ரிக்கார்டில் பாதிப் பாட்டு வரைக்கும் அது கைதட்டலின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. மற்ற இடங்களில் கீறலைத் தனியாகப் பிடித்துவிடலாம். இந்த இடங்களில் கையும் தூசியும் ஒரே ஈட்டி!

திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓர் அடையாளம் தெரியும். கீறல் என்பது ஒரே கோடு, வந்ததும் போய்விடும். கைதட்டல் அப்படியல்ல. சில பேர் சேர்ந்து தட்டும்போது எல்லார் கையும் ஒரே கணத்தில் விழாது. நாலைந்து சிறு முட்கள் நெருக்கமாக வந்து, பின்னால் ஒரு வாலும் இருக்கும். நாங்கள் வினாடிக்கு 96,000 புள்ளிகளாகப் பதிவு செய்திருந்தோம். அதில் கீறல் பிடித்திருப்பது அறுபது, எழுபது புள்ளிதான். அதை மட்டும் கையால் தணித்துவிட்டு, பக்கத்து முட்களைத் தொடாமல் விட வேண்டும். பூத்தொடுக்கிறவர்கள் அழுகின இதழை மட்டும் கிள்ளுவது போன்ற வேலை.

பதினைந்து இடம் முடிந்ததும் பேரனுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணா, நல்லா இருக்கிற கைதட்டல் ஒண்ணை வெட்டி எல்லா இடத்திலும் ஒட்டிடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். நியாயமான யோசனைதான். பெரிய ஸ்டூடியோக்களில் செய்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் எனக்குச் சம்மதமில்லை. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் ஒரு கை கொஞ்சம் முந்திக்கொண்டு விழுகிறது. அந்த மனிதர் யாரோ, என்ன அவசரமோ! நாற்பது வருஷத்துக்கு முன்னால் மைக்குக்கு எதிரே நின்று தட்டிவிட்டு, அன்றையக் கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். தட்டில் அவர் பெயர் இல்லை. அவர் வந்து போனதற்கு அந்த முந்திய கைதட்டலைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. அதைத் துடைத்துவிட்டு வேறு ஒன்றை ஒட்டுவதற்கு நான் யார்? பேரன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தான்.

இரைச்சலையும் முழுக்க எடுக்கவில்லை. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் வெறும் பள்ளத்தில் கேட்கும் 'உஸ்' சத்தத்தை மாதிரியாகக் காட்டினால், கம்ப்யூட்டர் அதைப் பாட்டு நெடுகக் கழித்துவிடும். ஆசைப்பட்டு அதிகம் கழித்தால், பாடுகிறவர் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் மூழ்கிக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் 'உஸ்' இருக்கட்டும். அமாவாசைக்குக் கொசு மாதிரி பழகிவிடும்.

முடிந்ததை இணையத்தில் போட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டம் இடம் தராது. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான வருஷத்துக்கு மறு வருஷத்திலிருந்து அறுபது வருஷம். 1982-ஆம் வருஷத்து ரிக்கார்டு 2042 டிசம்பர் கடைசியில்தான் பொதுவாகும். சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஊருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே கழுவாத பதிவு ஒன்று, சுத்தம் செய்தது ஒன்று, இரண்டையும் மூன்று இடத்தில் பத்திரப்படுத்துகிறோம். 2042-ல் நான் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பேரன் நிச்சயம் இருப்பான்.

பெரியவருக்குத்தான் காத்திருக்க நேரமில்லை. குழாய் ஸ்பீக்கரின் காலடியில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததற்கு, அவருடைய காது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட காதில் முதலில் போவது மேல் ஸ்தாயிச் சத்தம். குருவிச் சத்தம் போய்விட்டது. கொலுசுச் சத்தம் போய்விட்டது. வருஷத்துக்கு வருஷம் இன்னும் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கருவி சத்தத்தைப் பெரிதாக்கும். போனதைத் திருப்பிக் கொண்டு வராது.

புதிதாகச் செய்த பதிவைப் போட்டுக் காட்டினோம். இரண்டாவது அடியில் விரல் மேஜையில் விழுந்தது, கைதட்டலும் விழுந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முந்திய கை விழுந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வரச் சொல்லி, எந்த ரிக்கார்டை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசை எழுத வைத்தார். எந்தப் படம் அபூர்வம், எது விலை போகும் என்கிற யோசனையே அதில் இல்லை.

"கைதட்டு, ஜால்ரா, மணி, புல்லாங்குழல், இதெல்லாம் வர்றது முதல்ல. பொம்பளைங்க பாடினது அதுக்கப்புறம். பாஸ் கிடார் அடிக்கிறதெல்லாம் கடைசியில வெச்சுக்கலாம் தம்பி, அவசரமில்லை. காது போனாலும் ஸ்பீக்கர்மேல கையை வெச்சா அது தெரிஞ்சிடும்" என்றார்.

முதல் பெட்டியில் நாற்பத்தொரு ரிக்கார்டு. இதுவரை பதினாறு முடிந்திருக்கிறது.